இன்டர்பெல்லேஷன்: கேட்பதா, தட்டிக்கேட்பதா?

வெளிநாட்டு நாடாளுமன்றச் செய்திகளைத் தமிழாக்குகிறவர்கள் தடுக்கி விழுகிற சொற்களில் இன்டர்பெல்லேஷன் ஒன்று. "அரசின் காலநிலை, எரிசக்திக் கொள்கைகள் குறித்து எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இன்டர்பெல்லேஷன் கொடுத்தனர்" என்று மூலத்தில் இருக்கும். நாம் "கேள்வி எழுப்பினர்" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். தப்பென்று சொல்ல முடியாது, ஆனால் பாதிதான் வந்திருக்கிறது. நாலு வரி தள்ளி "வாக்கெடுப்பில் தோற்றால் அரசு பதவி விலக நேரிடும்" என்று வரும்போது வாசகர் முழிப்பார். ஒரு கேள்வி கேட்டதற்கா ஆட்சி போகும்?

போகலாம். அதுதான் இந்தச் சொல்லின் கனம்.

முதலில் பொருள். சாதாரண நாடாளுமன்றக் கேள்வி தகவல் கேட்பது. எத்தனை மெகாவாட், எவ்வளவு செலவு, எந்தத் தேதி என்று கேட்டால் அமைச்சர் எண்ணைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். இன்டர்பெல்லேஷன் அப்படியில்லை. ஒரு கொள்கையையோ செயலையோ எடுத்து, "இதை ஏன் இப்படிச் செய்தீர்கள், இதற்கு யார் பொறுப்பு" என்று அரசிடம் முறைப்படி, எழுத்தில் விளக்கம் கேட்பது. பதில் வந்ததோடு முடியாது, விவாதம் நடக்கும். சில நாடுகளில் விவாதத்துக்குப் பின் நம்பிக்கை வாக்கெடுப்பும் நடக்கும்.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? லத்தீனில் இன்டர்பெல்லாரே என்றொரு வினைச்சொல். ஒருவர் பேசும்போது குறுக்கே புகுந்து நிறுத்துவது என்று பொருள். இன்டர் என்றால் இடையில். பின்பகுதிக்கு உறவான வினை பெல்லெரே, அதாவது தள்ளுவது, அடிப்பது, தட்டுவது. இந்தக் குடும்பம் நமக்கு ஒன்றும் அந்நியமில்லை. கப்பலைத் தள்ளுகிற புரொப்பெல்லர் இதன் பிள்ளை, மேல்கோர்ட்டுக்குப் போகிற அப்பீல் இதன் பங்காளி, டாக்டர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கிற பல்ஸும் இதே வினையின் அடித்தல், துடித்தல் என்கிற பொருளிலிருந்து வந்ததுதான். இந்தத் தட்டுகிற பொருளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தமிழுக்கு வரும்போது தேவைப்படும்.

நாடாளுமன்றச் சொல்லாக இதை வளர்த்தது பிரான்ஸ். அங்கே 19ஆம் நூற்றாண்டில், உறுப்பினர் ஒருவர் எழுந்து இன்டர்பெல்லேஷன் கொடுத்தால் அன்றைய நிகழ்ச்சி நிரல் இடையில் நிற்கும். குறுக்கிடுவது என்கிற பழைய பொருள் அப்படியே உயிரோடிருந்தது. விவாதம் முடிந்ததும் "சரி, நிகழ்ச்சி நிரலுக்குத் திரும்புவோம்" என்று ஒரு தீர்மானம் வரும், அதில்தான் அரசுக்குக் கண்டனமோ ஆதரவோ ஒளிந்திருக்கும். மூன்றாம் குடியரசுக் காலத்தில் (1870–1940) இப்படி வீட்டுக்குப் போன அமைச்சரவைகள் பல. 1958இல் வந்த ஐந்தாம் குடியரசு, அதாவது இப்போதைய அரசியலமைப்பு, இந்த ஆயுதத்தை உறுப்பினர் கையிலிருந்து பிடுங்கிவிட்டது. இன்று பிரான்சில் இந்தச் சொல்லைக் கேட்டால், தெருவில் போலீஸ் ஒருவரை நிறுத்திப் பிடிப்பதுதான் பலருக்கு முதலில் ஞாபகம் வரும்! தத்துவம் படிக்கிறவர்களுக்கு 1970இல் பிரெஞ்சுத் தத்துவவாதி அல்தூசர் எழுதிய கட்டுரை ஞாபகம் வரும், அதிலும் "ஏய், நீதான்" என்று கூப்பிடுகிற போலீஸ்காரர் உண்டு. அது வேறு கதை.

பிறந்த வீட்டில் செல்வாக்கு போனாலும் புகுந்த வீடுகளில் சொல் நன்றாகவே இருக்கிறது. பின்லாந்தில் 200 உறுப்பினர்களில் 20 பேர் கையெழுத்துப் போட்டால் இன்டர்பெல்லேஷன் கொடுக்கலாம். அரசு 15 நாட்களுக்குள் அவையில் பதில் சொல்லியாக வேண்டும், பிறகு விவாதம், பிறகு நம்பிக்கை வாக்கெடுப்பு. பின்னிஷ் மொழியில் இதற்கு உள்ள சொல்லைப் பிரித்தால் இடை, கேள்வி என்று இரண்டு துண்டாக வரும். ஸ்வீடனில் தனி உறுப்பினர் ஒருவரே கொடுக்கலாம், அமைச்சர் அவைக்கு வந்து விவாதிக்க வேண்டும், ஆனால் வாக்கெடுப்பு கிடையாது. ஜெர்மனியில் இரண்டு வகை: சிறு வினா, பெரு வினா. சிறு வினாவுக்கு எழுத்தில் பதில் வந்தால் போதும், பெரு வினா அவையில் விவாதத்துக்குப் போகலாம். ஒரே பெயரின் கீழ், ஆட்சியைக் கவிழ்க்கும் கத்தியும் உண்டு, தகவலைக் கறக்கும் பாத்திரமும் உண்டு. மொழிபெயர்க்கும்போது எந்த நாடு என்று பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

காலநிலை, எரிசக்தி விவகாரத்தில் இந்தச் சொல் அதிகம் தலைகாட்டுவதற்குக் காரணம் உண்டு. நிலக்கரி ஒரு துறை, வாகனம் ஒரு துறை, காடு ஒரு துறை, மானியம் நிதித்துறை. தனிக் கேள்வி கேட்டால் "அது என் துறையில்லை" என்று எளிதாக நழுவிவிடலாம். அரசு முழுவதையும் ஒரே இடத்தில் நிறுத்தினால்தான் கணக்கு கேட்க முடியும். இன்னொன்று, இந்த நாடுகளில் இலக்கு சட்டத்திலோ நாடாளுமன்றத் தீர்மானத்திலோ எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. பின்லாந்தின் 2022 காலநிலைச் சட்டம் 2035க்குள் கார்பன் சமநிலை, அதாவது வெளியேற்றுகிற அளவுக்கு உறிஞ்சியும் விடுகிற நிலை, என்கிறது. ஸ்வீடன் 2017இல் நிறைவேற்றிய சட்டத்தோடு 2045ஐ இலக்காக வைத்தது, ஜெர்மனியும் 2021இல் சட்டத்தைத் திருத்தி அதே 2045க்கு வந்தது. சட்டத்தில் எண் இருந்தால் உறுப்பினருக்குப் பிடிமானம் கிடைக்கிறது. "நீங்களே போட்ட சட்டம் இது, இப்போது போகிற வேகத்தில் எப்படிப் போய்ச் சேருவீர்கள்" என்று கேட்கலாம்.

பதில் எப்படி வரும்? இந்த இடத்தில் எனக்கு நன்னூல்தான் ஞாபகம் வருகிறது. பள்ளியில் ஆறு வகை வினா, எட்டு வகை விடை என்று மனப்பாடம் செய்து, தேர்வோடு மறந்தோமே, அதேதான். சுட்டு, மறை, நேர் மூன்றும் நேரான விடைகள். மற்ற ஐந்தும் சுற்றி வருகிறவை. "பழைய நிலக்கரி நிலையங்களை எந்த ஆண்டு மூடுவீர்கள்?" என்று ஓர் உறுப்பினர் கேட்பதாக வைத்துக்கொள்வோம். "நீங்களே ஒரு மாற்றுத் திட்டம் கொண்டுவாருங்களேன்" என்றால் ஏவல். "மூடிவிட்டால் ராத்திரி விளக்கு எரிய வேண்டாமா?" என்றால் வினா எதிர் வினாதல். "போன கோடையில் மின்வெட்டால் மக்கள் தவித்துப்போனார்கள்" என்றால் உற்றது உரைத்தல். "மூடினால் வேலையிழப்புதான் வரும்" என்றால் உறுவது கூறல். "சூரிய மின்சாரத்தின் நிறுவுதிறனை இரட்டிப்பாக்கியிருக்கிறோம்" என்றால் இனமொழி. நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டுக்காரர், எரிசக்தி அமைச்சர் எவரையும் பார்த்திருக்க வாய்ப்பில்லை!

இதில் இனமொழி விடைதான் ஆபத்தானது, கேட்க நேரான பதில் மாதிரியே இருக்கும். நிறுவுதிறன் என்பது ஒரு நிலையம் முழு வீச்சில் ஓடினால் எவ்வளவு தரும் என்கிற அளவு, உண்மையில் தந்த மின்சாரம் அல்ல. 1000 மெகாவாட் நிலையம் ஆண்டு முழுக்க ஒரு நொடி நிற்காமல் ஓடினால் 876 கோடி யூனிட் கிடைக்கும். சூரிய மின்நிலையம் இதில் 20 சதவீதம் தருகிறது என்று வைத்தால் சுமார் 175 கோடி யூனிட். அதே 1000 மெகாவாட் நிலக்கரி நிலையம் 70 சதவீதத்தில் ஓடினால் சுமார் 613 கோடி. ஆக, இரண்டும் நிறுவுதிறனில் சமம், மின்சாரத்தில் மூன்றரை மடங்கு வித்தியாசம். நிலக்கரி எவ்வளவு எரித்தீர்கள் என்று கேட்டவருக்கு மெகாவாட் கணக்கைச் சொன்னால், அதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் விடையும் இல்லை. இது தெரிந்த உறுப்பினர் கேட்பது, நன்னூல் கணக்கில், அறிவினா. விடை அவருக்கு ஏற்கெனவே தெரியும். அமைச்சர் வாயிலிருந்து அவைக்குறிப்பில் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

இனி தமிழ்ச் சொல். "கேள்வி" நல்ல சொல், ஆனால் ரொம்ப அகலம். கேள் என்றால் காதால் கேட்பது, வாயால் கேட்பது, கை நீட்டிக் கேட்பது எல்லாம்தான். திருக்குறளில் 42ஆம் அதிகாரம் கேள்வி, அது பிறர் சொல்லக் கேட்டு அறிவதைப் பற்றியது, வினவுவதைப் பற்றியதல்ல. "துணைக் கேள்வி" வேறு, முதல் பதிலுக்குப் பின் தொடர்ந்து கேட்பது. "கவன ஈர்ப்பு" கொஞ்சம் பக்கத்தில் வருகிறது, ஆனாலும் அது ஒரு விஷயத்தை அமைச்சர் கவனத்துக்குக் கொண்டுபோவது. இன்டர்பெல்லேஷனில் கவனம் ஈர்ப்பதற்கு ஒன்றுமில்லை, அரசு அதைத் தெரிந்தே செய்தது என்பதுதானே குற்றச்சாட்டு. "விளக்கம் கோரல்" பொருளில் பழுதில்லை, ஆனால் அதைப் படித்தவுடன் மேலதிகாரி ஊழியருக்கு அனுப்புகிற நோட்டீஸ்தான் கண்ணில் நிற்கிறது. "இடைமறிப்பு வினா" மூலத்துக்கு விசுவாசமானது, ஆனால் தமிழில் இடைமறிப்பு என்றால் கூச்சல் போட்டுப் பேச்சைக் கெடுப்பது மாதிரி ஒலிக்கிறது. "இடையீட்டு வினா" என்றால் கொஞ்சம் தேவலை. சட்ட வாசகத்தில், ஆவணத் தலைப்பில் வைக்கலாம். பேச்சில் ஒட்டாது.

நமக்கு வேறொன்று கையிலேயே இருக்கிறது. தட்டிக்கேட்பது. "தட்டிக்கேட்க ஆள் இல்லாவிட்டால் தம்பி சண்டப்பிரசண்டன்" என்று பழமொழியே உண்டு. வெறுமனே கேட்பது தகவலுக்காக, தட்டிக்கேட்பது தவறென்று நினைத்ததை நிறுத்தி, பதில் சொல்ல வைப்பதற்காக. தட்டு என்றால் தட்டுவது மட்டுமில்லை, தடுப்பதும், மறுப்பதும்கூட. பேச்சைத் தட்டாதே என்கிறோமே. லத்தீன் சொல்லில் தள்ளுவது, அடிப்பது, குறுக்கே தடுப்பது என்று எதெல்லாம் இருந்ததோ, கிட்டத்தட்ட அதெல்லாம் இந்த ஒரு தட்டுக்குள் இருக்கிறது. யாரும் திட்டமிட்டு வார்த்ததில்லை, தற்செயல்தான். கூடுதல் வசதி, எதிர்ச்சொல்லும் அதே வேரில் தயாராக இருக்கிறது: தட்டிக்கழிப்பது. மேலே சொன்ன ஐந்து சுற்று விடைகளுக்கும் சேர்த்து அது போதும்.

ஆகவே என் தேர்வு தட்டிக்கேட்பு. கொச்சையாக இருக்கிறது என்று ஒரு நண்பர் முகம் சுளித்தார். அவருக்காக ஆவணத்தில் இடையீட்டு வினா என்று விட்டுக்கொடுக்கிறேன், செய்தியில் விடமாட்டேன். "எரிசக்திக் கொள்கை தொடர்பாக அரசைத் தட்டிக்கேட்கும் வினாவை 20 உறுப்பினர்கள் அளித்தனர், இதன் மீது நம்பிக்கை வாக்கெடுப்பு நடக்கும்" என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டால் வாசகர் முழிக்க வேண்டியதில்லை. அடுத்த வரியிலிருந்து வெறும் தட்டிக்கேட்பு போதும்.

பிலிப்பைன்ஸ் செய்தி வந்தால் மட்டும் நிதானியுங்கள். அங்கே இன்டர்பெல்லேஷன் என்றால் பெரும்பாலும், மசோதாவை முன்வைத்த சக உறுப்பினரை மற்றவர்கள் அவையில் நிறுத்தி வரிவரியாகக் கேட்பது. அரசு அங்கே நேரடியாகக் கூண்டில் இல்லை. அதற்குக் குறுக்குக்கேள்வி என்று எழுதினால் போதும். அப்புறம் இன்டர்போலேஷன் என்று ஓரிரு எழுத்து மாறி வருகிற கணக்குச் சொல் ஒன்று உண்டு, அதற்குத் தமிழில் இடைக்கணிப்பு, பழைய ஏடுகளைப் பற்றிய பேச்சில் இடைச்செருகல். அவசரத்தில் அதை இதற்குப் போட்டு, "அரசின் காலநிலைக் கொள்கை மீது உறுப்பினர் இடைச்செருகல் செய்தார்" என்று எழுதிவிடாதீர்கள்.