பாஸ்தா பவுல்ல தண்ணி பண்ற வேலை

சீஸ், க்ரீம், முட்டை எதுவும் சேக்காம, ரோஸ்ட் பண்ண காய் போட்டு பாஸ்தா பவுல் பண்ணினவங்க முக்கால்வாசி பேரு ஒரே புலம்பல்தான் புலம்புவாங்க, காய் ரோஸ்ட் ஆகலைங்க, வெந்து தொளதொளன்னு போயிருச்சுன்னு. ரெசிபி சரியாத்தான் இருக்கும். தண்ணி எங்க போகுது எங்க வருதுன்னுதான் யாரும் பாக்கறதில்ல.

கேரள எல்லையில இருக்கற வேலந்தாவளம் சந்தையில கத்திரிக்காய், குடமிளகாய், அரசாணிக்காய் (பரங்கிக்காய்)னு கலந்து அரை கிலோ வாங்கினா அதுல சுமார் 450 கிராம் வெறும் தண்ணி. ஒரு கிராம் தண்ணிய ஒரு டிகிரி சூடேத்த 4.2 ஜூல் போதும், ஆனா கொதிக்கற தண்ணிய ஆவியாக்கணும்னா கிராமுக்கு 2,260 ஜூல் கிட்ட வேணும், அதனால ஓவன் 220 டிகிரியில இருந்தாலும் காயோட மேல்பக்கம் ஈரமா இருக்கற வரைக்கும் அது 100 டிகிரிய தாண்டாது, நாம குடுக்கற சூடு பூரா ஆவிக்கே போயிரும். காய் செவந்து வாசம் வர்றதுக்கு காரணம் மெய்லார்ட் ரியாக்‌ஷன். லூயி கமீல் மெய்லார்டுன்னு ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி 1912ல சொன்னது, அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டுல சேர்ற விஷயம். அது நல்லா வேகம் எடுக்க 140 டிகிரி பக்கம் போகணும். ஈரம் போகாம அந்த சூடு வரவே வராது.

ட்ரேல காய குமிச்சு வெச்சா கீழ இருக்கற காயோட ஆவி மேல இருக்கறத வேக வெச்சிரும், அவ்ளோதான் கதை. ஒத்தையா பரப்புங்க, இடம் பத்தலைன்னா ரெண்டு தடவையா போடுங்க. ஓவன் இல்லாதவங்க இரும்பு தோசைக்கல்லுலயே பண்ணலாம், கனமான கல்லு சூட்ட பிடிச்சு வெச்சுக்கும். காய் போட்டதும் ஸ்ஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அது தண்ணி வெளிய போற சத்தம், அது அடங்கி லேசா பொரியற சத்தமா மாறும்போதுதான் ஓரம் செவக்க ஆரம்பிக்கும். அதுக்கு முன்னாடி கரண்டிய போட்டு கிண்டிக்கிட்டே இருக்காதீங்க.

கத்திரிக்காய் மட்டும் தனி கேஸ். உள்ள பூரா காத்து அறை, எவ்ளோ எண்ணெய் ஊத்தினாலும் உறிஞ்சிக்கும். வட்டமா நறுக்கி உப்பு தூவி 20 நிமிஷம் விட்டா வெட்டின பக்கம் பழுப்பா முத்து முத்தா தண்ணி விடும், உப்பு செல்லுக்குள்ள இருந்து தண்ணிய இழுக்குது, அறையெல்லாம் அமுங்கி எண்ணெய் குடிக்கறது குறையும். பாலக்காட்டு கணவாய் வழியா அடிக்கற ஆடிக்காத்துல ஜன்னலோரமா துணி மேல பரப்பி வெச்சா மேல் ஈரம் சும்மாவே காஞ்சிரும், கொழிஞ்சாம்பாறை பக்கம் இருக்கறவங்களுக்கு இதுக்கு கரண்ட் செலவே இல்ல. இன்னொண்ணு, எலுமிச்சை புளியெல்லாம் முதல்லயே சேக்காதீங்க, புளிப்பு இருந்தா செல்ல ஒட்டி வெச்சிருக்கற பெக்டின் சீக்கிரம் கரையாது, அரசாணிக்காய் வேகாம முரண்டு பிடிக்கும்.

தக்காளிய பாதியா வெட்டி கூடவே ரோஸ்ட் பண்ணிருங்க. சீஸ் குடுக்கற அந்த ருசிக்கு பெரிய காரணம் குளுட்டமேட், அது தக்காளியிலயும் இருக்கு, தண்ணி வத்த வத்த கெட்டியாகும். சீஸ் இல்லையேன்னு நாக்கு பெருசா தேடாது.

பாஸ்தாவுக்கு அப்படியே தலைகீழ், தண்ணி உள்ள போகணும். கடையில விக்கற காஞ்ச பாஸ்தா பெரும்பாலும் கோதுமையும் தண்ணியும்தான், முட்டை இருக்கான்னு மட்டும் பாக்கெட்ட பாத்துக்கங்க. டூரம்ங்கற கெட்டி கோதுமையோட ரவையில பண்ணினதா வாங்குங்க. அதுல புரோட்டீன் ஜாஸ்தி, வேகும்போது குளூட்டன்ங்கற அந்த புரோட்டீன் இறுகி வலையாட்டம் நின்னு, 60 டிகிரிக்கு மேல உப்பற ஸ்டார்ச்ச வெளிய ஓட விடாது. மைதா பாஸ்தாவுல அந்த பிடிப்பு கம்மி, கொஞ்சம் அசந்தா கூழாயிரும். தண்ணியில எண்ணெய் ஊத்தறது சுத்த வேஸ்ட், அது மேலதான் மிதக்கும், முதல் ரெண்டு நிமிஷம் கிளறி விட்டாலே ஒட்டாது. உப்பு போட்டா சீக்கிரம் வேகும்னு சொல்றதும் சும்மா, லிட்டருக்கு 10 கிராம் போட்டா கொதிநிலை 0.2 டிகிரி கூட ஏறாது, ருசிக்குத்தான் போடறோம்.

சாஸுக்கு க்ரீம் தேடி அலைய வேண்டாம், தேங்காய்ப்பால் இருக்கு. சின்னச் சின்ன கொழுப்புத் துளிய புரோட்டீன் சுத்தி பிடிச்சு தண்ணியில மிதக்க விட்டிருக்கு, அதான் தேங்காய்ப்பால். 80 டிகிரி தாண்டினா அந்த புரோட்டீன் கட்டியாக ஆரம்பிக்கும், கொதிக்க விட்டா எண்ணெய் தனியா தண்ணி தனியா பிரிஞ்சிரும். ஓலன்னு கேரளாவுல தேங்காய்ப்பால்ல பண்ற கூட்டு வைக்கறவங்க ரெண்டாம் பால்ல காய வேக வெச்சு ஒண்ணாம் பால கடைசியா ஊத்தி உடனே இறக்கிருவாங்க, இங்கயும் அதே கணக்கு. கூடவே பாஸ்தா வெந்த தண்ணி ஒரு கரண்டி ஊத்துங்க, அதுல கரைஞ்சிருக்கற ஸ்டார்ச் சாஸ கெட்டியாக்கி துளியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேராம தடுக்கும்.

காய சாஸுக்குள்ள போட்டு கிண்டாதீங்க, அவ்ளோ கஷ்டப்பட்டு வெளிய அனுப்பின தண்ணி அஞ்சு நிமிஷத்துல திரும்ப உள்ள வந்திரும், சாப்பிடும்போது மேல வெச்சா போதும். டிபன் பாக்ஸுக்குன்னா ரெண்டையும் தனித்தனியா கட்டுங்க. ஃபிரிட்ஜ்ல வெச்ச பாஸ்தா வெரைச்சு நிக்கும், ஸ்டார்ச் ஆறும்போது திரும்ப இறுகிரும், ரெண்டு ஸ்பூன் வெந்நீர் தெளிச்சு மெதுவா சூடு பண்ணா இளகிரும்.