மாத்திரையை நிறுத்தும் முன் அந்த எலிகளின் கதையை முழுசாகக் கேளுங்கள்

கொழிஞ்சாம்பாறை, வாளையார் பக்கமிருந்து என்னிடம் வருகிற சிறுநீரக மாற்று நோயாளிகள் இப்போதெல்லாம் போனை நீட்டி, "டாக்டர், எதிர்ப்புச் சக்தியைக் குறைத்தால் எலிக்குப் புற்றுநோய் வருதாமே, நான் சாப்பிடும் மாத்திரையும் அதைத்தானே செய்யுது?" என்று கேட்கிறார்கள். ஒருவர் கேட்காமலேயே, மாற்றிய சிறுநீரகத்தை உடல் தாக்காமல் இருக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையை நிறுத்திவிட்டு, ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் கூடும் கழிவு) எகிறிய பிறகுதான் வந்தார்.

செய்தி பொய்யில்லை, பாதிதான். எதிர்ப்புச் சக்திக்கான டி செல்களை முதிரவைக்கும் தைமஸ் சுரப்பி இல்லாமல் பிறக்கும் முடியில்லாத எலிகளில் மனிதக் குடல் புற்றுக்கட்டியை ஒட்டவைத்து வளர்க்க முடியும் என்று 1969-லேயே டென்மார்க்கில் காட்டிவிட்டார்கள். அப்படியானால் அந்த எலிகளுக்குத் தானாகவே ஏகப்பட்ட புற்றுநோய் வர வேண்டுமே? 1974-ல் ஸ்டட்மன் என்பவர் புற்றுநோயை உண்டாக்கும் ரசாயனத்தை ஊசி போட்டுப் பார்த்தபோது, சாதாரண எலிகளைவிட அவற்றுக்கு அதிகமாக வரவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது: அவற்றில் உடலைக் காவல் காக்கும் எதிர்ப்புச் சக்தி செல்களில் இயற்கைக் கொல்லி செல்களும் கொஞ்சம் டி செல்களும் மிச்சம் இருந்தன. டி செல், இன்னொரு காவல் செல்லான பி செல் இரண்டுமே அறவே இல்லாத எலிகளில் ஷ்ரைபர் என்ற ஆய்வாளரின் குழு அதே வகை ரசாயனத்தைச் சோதித்து, 2001-ல் முடிவை வெளியிட்டபோது, கட்டிகள் தெளிவாகக் கூடியிருந்தன. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தக் கட்டிகளை ஆரோக்கியமான எலிகளுக்கு மாற்றினால் பலவற்றை அவற்றின் உடல் அழித்துவிட்டது என்பதுதான். அதாவது நல்ல காவல் இருந்திருந்தால் அவை முளையிலேயே போயிருக்கும்.

சரி, நமக்கு? அந்த எலிகளுக்குக் காவலில் பெரும்பகுதியே கிடையாது, அதற்கு மேல் ரசாயன ஊசி வேறு. உங்கள் மாத்திரை காவலைக் குறைக்கிறது, ஒழிப்பதில்லை. ஆனாலும் ஆபத்து நிஜம். குறிப்பாக, வைரஸால் தூண்டப்படும் நிணநீர்ப் புற்று, கருப்பைவாய்ப் புற்று, அப்புறம் தோல் புற்று. கழுத்திலோ அக்குளிலோ கட்டி, காரணமில்லாத காய்ச்சல், எடை குறைவு, ஆறாத புண் எது வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் உடனே வாருங்கள். பெண்கள் கருப்பைவாய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். வயலுக்குப் போகிறவர்கள் முழுக்கைச் சட்டை போடுங்கள். புகையிலை வேண்டவே வேண்டாம்.

மாற்றுக்குப் பின் வரும் நிணநீர்ப் புற்றில் சிலருக்கு மருந்தின் அளவைக் குறைத்தாலே கட்டி சுருங்கிவிடுகிறது. ஆனால் அந்தக் குறைப்பை ரத்தத்தில் மருந்தின் அளவு பார்த்து, சிறுநீரகத்தையும் கவனித்து நாங்கள்தான் செய்ய வேண்டும். "எதிர்ப்புச் சக்தி கூட்டும்" என்று யாராவது லேகியமோ பொடியோ கொடுத்தால், வாயில் போடும் முன் எங்களிடம் காட்டுங்கள்.