ரெண்டு வார்த்தை அட்வைஸ் பண்ணுங்க மேடம்

"மண்டை நல்லாத்தான் இருக்கு மேடம். படிப்புலதான் இன்ட்ரஸ்ட் இல்ல. நீங்க ரெண்டு வார்த்தை அட்வைஸ் பண்ணுங்க."

போன வாரம் மட்டும் மூன்று பெற்றோர் இதையே சொன்னார்கள். குழந்தைகள் உளவியல் ஆலோசகராகப் பதினோரு வருடம் ஆகிறது. அட்வைஸ் கேட்டுப் படிக்க ஆரம்பித்த பிள்ளையை இன்னும் பார்க்கவில்லை.

மூன்றாவதாக வந்தவன் நான்காம் வகுப்பு. தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்ததும் முதல் பாடத்தைக் கடகடவென்று வாசித்தான். அம்மா முகத்தில் பெருமை. ஆனால் விரல் மூன்றாம் வரியில் நிற்க, வாய் ஐந்தாம் வரிக்குப் போயிருந்தது. மனப்பாடம்! ஒரு தாளில் 'கொடி', 'பொம்மை', 'தோசை' என்று எழுதி நீட்டினேன். 'கெடி' என்றான். 'பெம்மை' என்றான். தோசைக்கு என் முகத்தைப் பார்த்தான். கொம்பு முன்னால், கால் பின்னால், எழுத்து நடுவில். மூன்றையும் ஒரே ஒலியாகச் சேர்க்க அவனுக்கு வரவில்லை. இத்தனை வருடமும் வகுப்பில் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறான்.

ஆர்வம் வந்தால் படித்துவிடுவான் என்கிறீர்கள். வாசிக்க வராததால்தானே ஆர்வமே போனது? தெலுங்கு தெரியாத உங்களை ஒரு தெலுங்குப் பேப்பரோடு தினம் ஆறு மணி நேரம் உட்காரவைத்து, "பக்கத்து வீட்டுக்காரி முடிச்சிட்டா, உனக்கென்ன கேடு?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? முழுசாகப் படித்தால் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்றால் தெலுங்கு வந்துவிடுமா? ஒரு வாரத்தில் உங்களுக்கும் வயிற்றுவலி வரும். அவனுக்குத் திங்கட்கிழமை தவறாமல் வருகிறது.

முதலில் கண், காது, ஹீமோகுளோபின் பாருங்கள். கண்ணாடி போட்டதோடு முடிந்த கேஸ்களும் என்னிடம் உண்டு. தூக்கம் ஒன்பது மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. பதினொரு மணிவரை போனைக் கொடுத்துவிட்டுக் காலையில் மந்தமாக இருக்கிறான் என்று என்னிடம் வராதீர்கள்.

அதெல்லாம் சரியாக இருந்தும் வாசிப்பு வரவில்லையென்றால் முழு மதிப்பீடு செய்யுங்கள். மூன்று வார்த்தையை வைத்து யாரும் டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பைத் தடுக்கும் கற்றல் குறைபாடு, என்று சொல்லிவிட மாட்டோம். அந்தப் பெயரைக் கேட்டதுமே "எம்புள்ள லூசு இல்ல" என்று எழுந்துவிடுகிறீர்கள். யார் சொன்னது லூசு என்று? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் கேட்கலாம். தயவுசெய்து பத்தாம் வகுப்பு பிப்ரவரியில் ஓடி வராதீர்கள்.

வீட்டில் தினம் பத்து நிமிடம் போதும். இரண்டாம் வகுப்புப் புத்தகம் என்றாலும் பரவாயில்லை. நீங்கள் ஒரு வரி, அவன் ஒரு வரி. தடுமாறினால் சொல்லிக்கொடுத்துவிட்டு நகருங்கள். தலையில் குட்டாதீர்கள். மாமா, சித்தி முன்னால் மார்க் பேச்சு வேண்டவே வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிய அந்த அம்மா, வாசல்வரை போய்த் திரும்பினார்.

"டியூஷன இன்னொரு மணி நேரம் கூட்டிரவா மேடம்?"