‘அவர் உங்களுக்கு என்ன சொந்தமா?’ என்று கேட்காதீர்கள்

மகள்தான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். 2024 நவம்பர் இரண்டாவது வாரம். ஊர் பேஸ்பால் அணியான டாட்ஜர்ஸ் ‘உலகத் தொடர்’ என்ற சாம்பியன் பட்டத்தை ஜெயித்த களிப்பிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் இன்னும் இறங்கவில்லை, எங்கள் வரவேற்பறையில்கூட எங்கே பார்த்தாலும் நீலத் தொப்பி. “மூணு வாரமா அப்பா சரியா சாப்பிடறதில்லை, இப்போ ராத்திரி கராஜ்ல வேற போய் உட்கார்ந்துக்கறார்” என்றவள், “ஒரு பேஸ்பால் ப்ளேயர் செத்துப்போனதுக்கு!” என்று சொல்லும்போது லேசாகச் சிரித்துவிட்டாள். அவர் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். (அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) மகளைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, “ஃபெர்னாண்டோவை முதல்முதலில் எப்போது பார்த்தீர்கள்?” என்று மட்டும் கேட்டேன். அடுத்த நாற்பது நிமிடம் நான் வாயே திறக்கவில்லை.

ஃபெர்னாண்டோ வலென்சுவேலா 1981 சீசனில் டாட்ஜர்ஸின் முதல் ஆட்டத்தில் பந்து வீசியபோது அவருக்கு வயது 20. வீச வேண்டியவருக்குக் காயம், அதனால் கிடைத்த வாய்ப்பு. மெக்சிகோவில் சொனோரா மாநிலத்துச் சின்னக் கிராமம், பன்னிரண்டு பிள்ளைகளில் கடைக்குட்டி, ஆங்கிலம் தெரியாது, விளையாட்டு வீரனென்று சொன்னால் நம்ப முடியாத தொப்பை வேறு. தொடர்ந்து எட்டு வெற்றி, அதில் ஐந்தில் எதிரணிக்கு ஒரு ரன்கூட இல்லை. அவருடைய ஆயுதம் ஸ்க்ரூபால். வழக்கமான வளைபந்து திரும்புகிற பக்கத்துக்கு நேர் எதிராகத் திரும்பும் (கிரிக்கெட்டில் தூஸ்ரா பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை). அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம், சிறந்த பிட்சருக்கான (பந்து வீசுபவருக்கான) சை யங் விருது, இரண்டையும் ஒரே வருஷத்தில் வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

என் எதிரில் இருந்தவருக்கு இந்தப் புள்ளிவிவரமெல்லாம் மனப்பாடம், ஆனால் அழுதது அதற்காக இல்லை. இன்று டாட்ஜர் ஸ்டேடியம் இருக்கும் சாவேஸ் ரவீனில் ஒருகாலத்தில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் இருந்தன. ஏழைகளுக்கு வீடு கட்டித் தருகிறோம் என்று 1950களில் காலி செய்ய வைத்தார்கள், வீடு வரவில்லை, நிலம் கடைசியில் டாட்ஜர்ஸ் கைக்குப் போனது. போக மறுத்தவர்களை 1959இல் போலீஸ் தூக்கி வெளியே போட்டது. இவருடைய அப்பாவின் குடும்பமும் அங்கே வீடு இழந்ததுதான். அந்த மைதானத்தில் கால் வைக்க மாட்டேன் என்றிருந்த மனிதர், 1981இல் ஒருநாள் பதினாறு வயது மகனைக் கூட்டிக்கொண்டு போய், மேல்வரிசையில் உட்கார்ந்து, ஒன்பது இன்னிங்ஸும் ஒரு வார்த்தை பேசாமல் பார்த்தாராம். அந்த அப்பா இறந்தபோது இவர் அழவில்லை. ஈமச்சடங்குச் செலவு, அம்மாவின் உடம்பு, வேலை, அப்படியே ஓடிவிட்டது.

அக்டோபர் 22, 63 வயதில் ஃபெர்னாண்டோ போய்விட்டார். வெற்றி ஊர்வலம் நடந்த நவம்பர் 1 அவர் பிறந்தநாள். மெக்சிகர்கள் செத்துப்போனவர்களுக்குப் படையல் வைக்கிற நாளும் அதுதான். செண்டுப்பூ அலங்காரத்துக்கு நடுவே அப்பா படத்துக்குப் பக்கத்தில் இவர் ஃபெர்னாண்டோ படத்தையும் வைக்க, குடும்பத்துப் படத்தோடு இது எதற்கு என்று வீட்டில் எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்துதான் கராஜ்.

அழுவதற்கு உரிமை இல்லையென்று சுற்றியிருப்பவர்கள் நினைக்கும் துக்கத்தைப் பற்றி கென்னத் டோக்கா என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1989இலேயே எழுதியிருக்கிறார். செத்துப்போன நாய்க்காக, விவாகரத்தான கணவனுக்காக, நேரில் பார்த்தே இராத ஒருவருக்காக அழுபவர்கள் பெரும்பாலும் தனியாகத்தான் அழுகிறார்கள், ஏனென்றால் யாரும் விசாரிக்க வருவதில்லை. என் அனுபவத்தில் துக்கத்தைவிட அந்தத் தனிமைதான் ஆளைச் சாய்க்கிறது. இவர் நான்கு நாளாக பிரஷர் மாத்திரை போடவில்லை என்பதும் பேச்சுவாக்கில்தான் வெளியே வந்தது. அன்றைக்கே அவருடைய டாக்டரிடம் பேசினோம். உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் மாத்திரை, சாப்பாடு, தூக்கம், குடி இந்த நாலையும் கவனியுங்கள். “இருந்து என்ன ஆகப்போகிறது” மாதிரி ஒரு பேச்சு வந்தால், சாக நினைக்கிறீர்களா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அமெரிக்காவில் இருப்பவர்கள் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

மூன்றாவது தடவை மகளும் உள்ளே உட்கார்ந்தாள். என் மேசையில் கிடந்த ரப்பர் பந்தை எடுத்து, இடது மணிக்கட்டை வெளிப்பக்கமாகத் திருகி, ஸ்க்ரூபாலை ஃபெர்னாண்டோ எப்படி விடுவார் என்று அவள் அப்பா எனக்குக் காட்டினார். வீசும்போது ஃபெர்னாண்டோவின் கண் வானத்துக்குப் போகும், இவரும் சீலிங்கைப் பார்த்தார். “எங்கப்பா அன்னிக்கு இதைப் பார்த்துத்தான் சிரிச்சார்.”

“தாத்தாவா? தாத்தா ஸ்டேடியத்துக்குப் போனாரா?” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள் மகள். “எப்போ?”