பழைய கார் புதுக்காரை வெல்லும் கணக்கு

கல்முனையிலிருந்து உயர்தர மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சேர், இரண்டு கார்கள் நேர்ப்பாதையில் ஓடும் டிராக் (drag) ரேஸ் வீடியோ ஒன்றில் பழைய காருக்குப் பச்சை லைட் முதலில் விழுந்தது. புதுக்கார் பார்த்துக்கொண்டு நின்றது. கடைசியில் பழையதுதான் வென்றது. இது கள்ள விளையாட்டா?"

இல்லை, தம்பி. பெரிய எஞ்சின் வாங்கப் பணமில்லாதவரும் போட்டியில் நிற்கலாம் என்று அமெரிக்காவில் உருவான முறை அது. பிராக்கட் ரேஸ் என்பார்கள். தூரம் கால் மைல், அதாவது 402 மீற்றர். ஒத்திகை ஓட்டங்களைப் பார்த்து, தன் வண்டி எத்தனை செக்கனில் ஓடும் என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சப்பாத்துக்குப் பூசும் வெள்ளைப் பொலிஷால் கார்க் கண்ணாடியிலேயே எழுதிவிடுவதும் உண்டு. ஒன்று 17.20, மற்றது 13.90 என்றால், மெதுவான கார் 3.30 செக்கன் முந்திப் புறப்படும்.

நேரத்தைக் கூட்டிச் சொல்லி ஏமாற்றலாமே? முடியாது. சொன்னதைவிட வேகமாக ஓடினால் தோல்வி. குறைத்துச் சொன்னால் எதிராளி முந்திவிடுவார். உண்மையைச் சொல்பவருக்கே லாபம் வரும்படி விதியை அமைத்திருக்கிறார்கள்.

என்னை மயக்கியது மணிக்கூடு தொடங்கும் விதம். தொடக்கக் கோட்டில் நிலத்துக்குச் சற்று மேலே ஒரு ஒளிக்கதிர் குறுக்கே போகிறது. முன்சில்லு அதை மறைத்து நிற்கும். சில்லு விலகிக் கதிர் மறுபடி உணரியில் விழும் கணத்தில்தான் ஓட்ட நேரம் தொடங்கும். பச்சை விழுந்தபின் ஒரு செக்கன் சும்மா நின்றாலும் அது 17.20 இல் சேராது. துலங்கல் நேரமாகத் தனியே பதிவாகும்.

இதை வீட்டு விறாந்தையில் மகளோடு செய்து பார்த்தேன். லேசர் பேனாவை 4 சென்ரிமீற்றர் உயரத்தில் வைத்து, 66 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சைக்கிள் சில்லைக் குறுக்கே உருட்டினோம். சுவரில் இருந்த சிவப்புப் புள்ளி மறைந்து, சில்லு ஏறத்தாழ 31 சென்ரிமீற்றர் நகர்ந்தபின் திரும்பி வந்தது. பைதகரஸ் தேற்றமும் அதையே தருகிறது. ஆக, மணிக்கூடு விழிக்கும்போது கார் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது!

இனி வெற்றிக் கணக்கு. பழைய காரின் துலங்கல் 0.040, ஓட்டம் 17.23, அதாவது சொன்னதைவிட 0.03 கூட. இரண்டையும் கூட்டினால் மொத்தப் பிந்தல் 0.070. புதுக்காரின் துலங்கல் 0.120, ஓட்டம் 13.91, பிந்தல் 0.130. பழையது 0.060 செக்கனால் வெல்கிறது. புதுக்கார் மணிக்கு 160 கிலோமீற்றரில் வந்தாலும் கோட்டுக்கு இரண்டரை மீற்றருக்கு மேல் பின்னால்தான்.

ஆனால் நேர அட்டவணை பிழைத்தால் இந்த நியாயம் கெட்டுவிடும். 32 பேர் வந்தால் 16, 8, 4, 2, 1 என்று 31 ஓட்டங்கள். சோடிக்கு 2 நிமிடம் என்று வையுங்கள். முதற் சுற்று 32 நிமிடம், அரையிறுதி 4 நிமிடம்தான். போகப்போக ஓய்வு சுருங்குகிறது. தனியாக வந்தவர் தானே பொனட்டைத் திறந்து, தானே ரயர் காற்றைப் பார்க்க வேண்டும். நாலு பேரோடு வந்தவருக்கு அந்தப் பாடில்லை. குறைந்தபட்ச ஓய்வு இவ்வளவு என்று முன்பே அறிவித்து, அதைக் காப்பாற்றுவதுதான் முறை.

வெயிலும் இருக்கிறது. கச்சான் காற்று வீசும் மாதத்தில் மட்டக்களப்பில் ஒரு போட்டி வைத்தால் என்ன நடக்கும்? வெப்பநிலை 25 பாகையிலிருந்து 34 பாகைக்கு ஏறினால் வளியின் அடர்த்தி 3 சதவீதம் குறையும். எஞ்சினுக்குள் போகும் ஒட்சிசனும், வலுவும் ஏறத்தாழ அவ்வளவு குறையும். ஓட்ட நேரம் வலுவின் கனமூலத்தைப் பொறுத்தது. ஆகவே அது 1 சதவீதம் கூடும், 17.20 இல் 0.17 செக்கன். வெற்றி 0.060 இல் தங்கியிருக்கும்போது இது பெரிய தொகை. அதனால் ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் கண்ணாடியில் எழுதியதை அழித்து எழுத இடம் கொடுக்க வேண்டும். ரயருக்கடியில் தேசிக்காய் வைப்பதும் ராகுகாலம் பார்ப்பதும் இந்த 0.17 ஐ ஈடுசெய்யாது. மலிவான வெப்பமானி ஒன்று செய்யும்.

தம்பி, அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கண்ணாடியில் வெள்ளையாக ஓர் எண் இருந்தால், முடிவில் பலகையில் வரும் நேரத்திலிருந்து அதைக் கழியுங்கள். துலங்கல் நேரத்தையும் கூட்டினால் யார் ஏன் வென்றார் என்று நீங்களே சொல்வீர்கள்.