சட்டைப்பை பிஸ்டல் ஏன் சுடாமல் நிற்கிறது?

பழுதுக்கு வரும் குட்டி பிஸ்டல்களோடு ஒரு புகாரும் தவறாமல் சேர்ந்து வரும்: “நேத்துவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.” மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடைக் கழற்றினால், கூட்டைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில் துணிப் பஞ்சும் பழைய எண்ணெயும் கலந்து களிம்பாக இறுகிக் கிடக்கும். தோட்டாவின் விளிம்பைக் கவ்வ வேண்டிய இடமே அதுதான். பெரிய பிஸ்டல் என்றால் ஸ்லைடின் எடையே இந்த அழுக்கையெல்லாம் சமாளித்துவிடும். குட்டியில் அந்த உபரி வலு கிடையாது. பையில் போட்டு வைப்பவர்கள் சுடாவிட்டாலும் அவ்வப்போது துடைக்க வேண்டும். எண்ணெயைத் தாராளமாக விட்டால் பஞ்சு இன்னும் நன்றாக ஒட்டும்.

அடுத்து தோட்டா. .22 எல்ஆர் (லாங் ரைஃபிள்) என்ற சிறு தோட்டா 1887 வாக்கில் வந்த வடிவமைப்பு. அதில், அடிபட்டதும் தீப்பொறி தரும் பிரைமர் நடுவில் தனிக் கிண்ணமாக இருக்காது. வெடிமருந்துக் கலவையை விளிம்பின் உட்குழிவுக்குள் சுழற்றிப் பரப்பியிருப்பார்கள். எங்காவது பரவாமல் விட்டுப்போய், தோட்டாவைத் தட்டும் ஊசியான ஃபயரிங் பின் அங்கே போய் அடித்தால் ‘டிக்’ என்ற சத்தத்தோடு சரி. சுடாத தோட்டாவின் விளிம்பைப் பார்த்தாலே பாதி விவரம் தெரிந்துவிடும். பள்ளம் ஆழமாக விழுந்திருந்தால் பெரும்பாலும் தோட்டாதான் காரணம். லேசான தடம் மட்டும் இருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், ஃபயரிங் பின்னின் நுனி மழுங்கியிருக்கலாம், இல்லையென்றால் தோட்டா உட்காரும் அறைக்குள் கரி படிந்து அது முழுசாக உட்காராமல் போயிருக்கலாம். பழைய .22 சிலவற்றைத் தோட்டா இல்லாமல் சும்மா சுட்டுப் பழகினால் ஃபயரிங் பின் நேரே அறையின் ஓரத்தில் இடித்து அதைக் கெடுத்துவிடும்.

ஜான் பிரவுனிங் வடிவமைத்த .25 ஏசிபி (ஆட்டோமேட்டிக் கோல்ட் பிஸ்டல்) தோட்டா, குட்டைப் பேரலில் (குழலில்) .22ஐவிடப் பெரிய வலுவொன்றும் காட்டாது. நடுவில் பிரைமர் இருப்பதுதான் அதன் லாபம். நம்பிக்கை என்று பார்த்தால் என் ஓட்டு அதற்குத்தான்.

.32 ஏசிபியில் வேறு தலைவலி. விளிம்பு சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முனையில் குழியுள்ள, நீளம் குறைந்த ஹாலோ பாயிண்ட் தோட்டாக்களைப் போட்டால், அவை அடுக்கியிருக்கும் மேகசினுக்குள் முன்னும் பின்னும் ஆடி, மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். அப்புறம் ஸ்லைடை எத்தனை தரம் இழுத்தாலும் பிரயோஜனமில்லை, மேகசினைக் கழற்றித்தான் பிரித்தாக வேண்டும். ஆகவே போடப்போகும் அதே தோட்டாவை, அதே மேகசினில், சுடுதளத்தில் ஒரு பெட்டியாவது சுட்டுப் பாருங்கள். மணிக்கட்டைத் தளரவிட்டால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாது. அதைத் துப்பாக்கியின் குறை என்று கொண்டுவருபவர்களும் உண்டு.

பெரெட்டா 950 போன்ற, பேரல் மேலே தூக்கும் மாடல்களில் எக்ஸ்ட்ராக்டரே கிடையாது. வெற்றுக் கூட்டை வெளியே தள்ளுவது வெடிப்பின் அழுத்தம். சுடாத தோட்டா ஸ்லைடை இழுத்தால் வராது. பேரலைத் தூக்கித்தான் எடுக்க வேண்டும்.

சுடவில்லை என்றால் உடனே திறக்காதீர்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. குழல்வாய் பாதுகாப்பான பக்கம் பார்த்தபடியே இருக்க, 30 விநாடி பொறுங்கள். வழக்கத்தைவிட மெல்லிய சத்தம் கேட்டால் அத்தோடு நிறுத்திவிட்டு, மேகசினையும் அறையையும் காலி செய்து, பேரலுக்குள் கம்பி விட்டுப் பாருங்கள். குண்டு நடுவில் சிக்கியிருக்கும்போது அடுத்ததைச் சுட்டால் பேரல் வீங்கிவிடும், சமயத்தில் பிளந்தும் போகும்.