முகூர்த்தம்: பொருளும் தமிழ்ச் சொல்லும்

கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயருக்கு அடுத்தபடி எல்லாரும் தேடுகிற வரி, ‘காலை 6.00 மணிக்கு மேல் 7.30 மணிக்குள், சிம்ம லக்னத்தில்’ என்பதுதான். இந்த ஒன்றரை மணி நேரத்தை முகூர்த்தம் என்கிறோம். சொல்லின் கணக்குப்படி பார்த்தால் ஒரு முகூர்த்தம் 48 நிமிடம்தான்.

வடமொழியில் ‘முஹூர்த்த’. ரிக் வேதத்தில் இதற்குச் சிறுபொழுது என்றே பொருள். பின்னால் வந்த, வேதச் சடங்குகளை விளக்கும் ‘பிராமணம்’ என்ற நூல்கள், பகலும் இரவும் சேர்ந்த நாளை 30 கூறாக்கி ஒரு கூறுக்கு இந்தப் பெயரை வைத்தன. நம் நாழிகை 24 நிமிடம். ஆக, ஒரு முகூர்த்தம் இரண்டு நாழிகை. இந்தப் பழைய அளவு பிரம்ம முகூர்த்தத்தில் அப்படியே இருக்கிறது. சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்பு தொடங்கி, 48 நிமிடம் முன்பே முடிந்துவிடும். ஆறு மணிக்கு உதயம் என்றால் 4.24 முதல் 5.12 வரை. விடிகிற வரைக்கும் பிரம்ம முகூர்த்தம் என்று சொல்வது சரியல்ல.

கல்யாண முகூர்த்தம் லக்னத்தை வைத்து வருவது. கீழ்வானில் உதிக்கும் ராசியே லக்னம். 60 நாழிகைக்குள் 12 ராசியும் உதித்தாக வேண்டும் என்பதால் ஒரு லக்னம் சராசரியாக ஐந்து நாழிகை, அதாவது இரண்டு மணி நேரம். அதில் ராகு காலமும் எமகண்டமும் படாத பகுதியைக் குறித்துக் கொடுக்கிறார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? சங்க காலத்திலேயே நாள் பார்த்துத்தான் மணம் செய்தார்கள். ‘திங்கட் சகடம் மண்டிய துகள்தீர் கூட்டத்து’ என்கிறது அகநானூறு 136ஆம் பாடல். சகடம் என்பது ரோகிணி. நிலவு அதனோடு சேர்ந்த நாளில் கல்யாணம். ‘நாள்’ என்ற சொல்லே அன்று நட்சத்திரத்தையும் குறித்தது. தொல்காப்பியம் ‘ஓரையும் நாளும்’ என்று சேர்த்தே சொல்கிறது. இதில் ஓரை என்பது நல்ல நேரம். அதையே முகூர்த்தத்துக்கு வைக்கலாமே என்றால், ஓரை கிரேக்க மூலம் கொண்டது என்பது அறிஞர் பலரின் கருத்து. சோதிடத்திலும் இன்று அது ஒரு மணி நேரத்துக்குப் பெயர். சிலர் எழுதும் ‘முழுத்தம்’ முகூர்த்தத்தின் ஒலி மாறிய வடிவமாகவே எனக்குத் தோன்றுகிறது.

ஒரே சொல்லை எல்லா இடத்திலும் பொருத்தப் பார்ப்பதுதான் சிக்கல். கால அளவுக்கு இரு நாழிகை. முகூர்த்த நாளுக்கு நன்னாள் அல்லது மணநாள். முகூர்த்தக்காலுக்குப் பந்தக்கால், யாழ்ப்பாணத்தில் கன்னிக்கால் ஊன்றுவார்கள். முகூர்த்தப் புடவைக்குக் கூறைப்புடவை, இன்றும் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் புழங்குகிற அருமையான சொல். பத்திரிகையில் போட ‘மணநேரம்’ போதும். ‘நல்ல நேரம்’ என்று போட்டால் தினசரிக் காலண்டர் தாளில் இருக்கும் நல்ல நேரத்தோடு குழம்பும்.